எமது கிரிக்கெட் கழகத்தின் பழைய பதிவுகளைத் தேடுகிறோம்

அன்பார்ந்த உறவுகளே,

மட்டக்களப்பு, கல்லடிக் கடற்கரையை அண்டியுள்ள எமது கிரிக்கெட் கழகத்தின் வரலாற்றைத் தொகுத்து வருகிறோம். 1978 நவம்பர் 23 சூறாவளியில் அழிந்தவை போக எஞ்சியிருந்த கூட்டக் குறிப்பேடுகளையும் ஓட்டப் பதிவேடுகளையும் 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை கொண்டுபோய்விட்டதால், இப்போது மூத்த வீரர்களின் நினைவையே நம்பியிருக்கிறோம். அவர்களோ, எடுத்த ஓட்டங்களை மறந்தாலும் நடுவரின் தவறான தீர்ப்புகளை மட்டும் மறப்பதில்லை.

எமக்கு முதன்மையாகத் தேவைப்படுபவை, ஆடுகளத்தில் மெற்றிங் எனும் பாய் விரித்துக் கடினப்பந்தில் ஆடிய காலம் பற்றிய சான்றுகள். மென்பந்துச் சுற்றுப்போட்டிகள் பற்றி ஓரளவு தகவல் உண்டு. இயேசு சபைத் துறவி ஹரல்ட் வெபர் அடிகளாரின் பெயரைத் தாங்கிய வெபர் மைதானத்தில் நடந்த ஆட்டங்களின் புகைப்படங்களோ அழைப்பிதழ்களோ, வீரகேசரி, தினகரன் ஆகியவற்றில் வெளிவந்த செய்தி நறுக்குகளோ எவரிடமாவது இருந்தால், குறிப்பாகப் போர்க்காலத்தில் புலம்பெயர்ந்தோர் கொண்டுசென்ற அல்பங்களில் இருந்தால், மூலப்பிரதியைத் தாங்களே வைத்துக்கொண்டு, பின்புறத்து எழுத்தும் தெரியுமாறு படமெடுத்து அனுப்பி உதவுங்கள். தோராயமான ஆண்டையும் எதிரணியின் பெயரையும் குறிப்பிட்டால், ஒரே ஆட்டத்தைப் பலர் பலவாறு சொல்வதை ஒப்புநோக்கலாம். கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் காப்பகத்தில் பழைய பத்திரிகைகளைப் பார்வையிடக்கூடிய ஒருவர் முன்வந்தால் மிகவும் நன்று.