பாட்டியின் குரலும் ஃபேன் இரைச்சலும்

எங்கள் பாட்டி பாடிய நடவுப் பாட்டுகளை அத்தை போனில் பதிவு செய்து வைத்திருந்தார். பாட்டி இப்போது இல்லை. இருப்பது அந்த ஒரு பதிவுதான். தலைக்கு மேலே ஃபேன் ஓடியிருக்கிறது, பாட்டுக்கு நிகராக அதன் இரைச்சலும் கேட்டது. ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் சுத்தம் செய்தேன். இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்.

முதலில் மூலப் பதிவை நகலெடுத்துத் தனியாக வைத்துவிடுங்கள். அப்புறம், ஃபேன் சத்தம் மட்டும் கேட்கும் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அடுத்த பாட்டை நினைவுபடுத்திக்கொள்ள பாட்டி நிறுத்திய இடைவெளி எனக்குக் கிடைத்தது. ‘நாய்ஸ் ரிடக்‌ஷன்’ என்ற இரைச்சல் குறைப்பு வசதியைத் திறந்து ‘கெட் நாய்ஸ் புரொஃபைல்’ அழுத்தினால், எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு இரைச்சல் என்று அது கணக்கெடுத்துக்கொள்ளும். பிறகு முழுப் பதிவையும் தேர்வு செய்து, அதையே மறுபடி திறந்து குறைக்கச் சொல்ல வேண்டும்.

எத்தனை டெசிபல் குறைக்கச் சொல்கிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. 24 வைத்தால் ஃபேன் சுத்தமாகப் போகிறது, ஆனால் பாட்டி குடத்துக்குள் இருந்து பாடுவது போல ஆகிவிடுகிறது. 10-ல் ஃபேன் லேசாகக் கேட்கிறது, குரல் பாட்டியின் குரலாகவே இருக்கிறது. எனக்கு அதுதான் வேண்டும். ச, ஸ போன்ற ஒலிகள் காற்றோசை என்பதால் முதலில் அடிபடுவது அவைதான். ‘ரெசிட்யூ’வைத் தேர்ந்து கேட்டால், நீக்கப்படுவது மட்டும் ஒலிக்கும். அதில் பாட்டின் சொல் ஏதாவது காதில் விழுந்தால் அளவைக் குறைத்துவிடுங்கள்.

நடுவில் வந்த பைக் ஹாரனும் காக்கையும் போகவில்லை. சீராக ஓடும் இரைச்சலுக்குத்தான் இந்த முறை. காக்கை இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். எங்கள் வீட்டுக் கொல்லைக் காக்கைதானே.

பதில்:

அக்கா, எனக்கு வந்தது வேறு தொல்லை. அப்பாவின் மேடைப் பேச்சு இருந்த கேசட்டைக் கம்ப்யூட்டருக்கு மாற்றியபோது ‘உம்ம்’ என்று ஒரு ரீங்காரம் கூடவே வந்தது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; அதுவும் அதன் மடங்குகளான 100, 150-ம் ஒலிப்பதிவில் ஏறிக்கொள்கின்றன. ‘நாட்ச் ஃபில்டர்’ போட்டு அந்த அதிர்வெண்களை மட்டும் குறுகலாக வெட்டினேன். அப்பாவின் குரலில் சேதம் தெரியவில்லை. லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு, பேட்டரியில் ஓட்டி மறுபடி பதிவு செய்தபோது ரீங்காரம் பெருமளவு குறைந்துவிட்டது. கேசட் இன்னும் கையில் இருப்பவர்கள் முதலில் அதைச் செய்து பாருங்கள்.