டாம்பாவில் வீடு: மரச்சட்டமா, கான்கிரீட் பிளாக்கா?

கேள்வி: ஃப்ளோரிடா, டாம்பா பக்கம் புது வீடு பார்க்கிறோம். ஒரு பில்டர் முழுக்க மரச்சட்டம், இன்னொருவர் கீழ்த்தளம் பிளாக், மாடி மரம் என்கிறார். ஊரில் செங்கல் சுவரையே பார்த்து வளர்ந்தவனுக்கு, சுவரைத் தட்டினால் டொக்டொக் என்று கேட்பது பயமாக இருக்கிறது.

பதில் 1: பிளாக்தான். கரையான் அதைத் தின்னாது. ஆனால் கூரைச் சட்டம் பெரும்பாலும் மரம்தான், கரையான் மருந்தை விட்டுவிடாதீர்கள்.

பதில் 2: சுவரை விடக் கூரைதான் முக்கியம். 1992 ஆண்ட்ரூ புயலுக்குப் பிறகுதான் கட்டட விதிகள் இறுகின, 2002 முதல் மாநிலம் முழுக்க ஒரே விதி. பரணில் ஏறி, கூரையைச் சுவரோடு பிடிக்கும் இரும்புப் பட்டையில் மூன்று ஆணியாவது இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

பதில் 3: என்னுடையது பிளாக். பூச்சில் மயிரிழை விரிசல், அதன் வழியே மழைநீர் இறங்கி உள்ளே ஜிப்சம் பலகை ஊறிப்போனது. பெயிண்ட் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்.

கேட்டவர்: சரி, சனிக்கிழமை ஏணியோடு போகிறேன்.