படையில்லாத திருப்பீடத்தின் சொல்லுக்கு நாடுகள் ஏன் செவிசாய்க்கின்றன?

கேள்வி (காரைக்குடி மாணவி):
வணக்கம். குடிமைப்பணித் தேர்வுக்காகப் பன்னாட்டு உறவுகளைப் படித்துவருகிறேன். 44 ஹெக்டேர் பரப்பே உள்ள வத்திக்கானோடு 180-க்கும் மேற்பட்ட நாடுகள் தூதுறவு கொண்டிருக்கின்றன. படையும் சந்தையும் இல்லாத திருத்தந்தையால் (போப்பாண்டவரால்) இரு நாடுகளின் பகையை உண்மையிலேயே தணிக்க முடியுமா, அல்லது இது வெறும் மரியாதைதானா?

பதில் (தேவகோட்டை, ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்):
முதலில் ஒரு திருத்தம், அம்மா. தூதுறவு வத்திக்கான் நகர அரசோடு அல்ல, திருத்தந்தையைத் தலைவராகக் கொண்ட கத்தோலிக்கத் திருச்சபையின் தலைமைப் பீடமான திருப்பீடத்தோடு. 1870-இல் உரோமை இத்தாலியிடம் கைவிட்டுப் போனதற்கும், வத்திக்கான் நகர அரசை உருவாக்கிய இலாத்தரன் உடன்படிக்கை 1929-இல் கையெழுத்தானதற்கும் இடையில், ஆளும் நிலமே இல்லாதபோதும் தூதர்கள் வந்துபோய்க்கொண்டுதான் இருந்தார்கள். இந்தியாவுடனான உறவு 1948-இல் தொடங்கியது.

பகையைத் தணித்ததற்குச் சான்று, தென் அமெரிக்காவின் தென்கோடியில் சிலிக்கும் அர்ஜென்டினாவுக்கும் இடையே எழுந்த பீகிள் கால்வாய்த் தகராறு. அங்குள்ள மூன்று தீவுகளைச் சிலிக்கு அளித்த 1977-ஆம் ஆண்டுத் தீர்ப்பை அர்ஜென்டினா ஏற்க மறுத்தது. 1978 டிசம்பரில் படைகள் எல்லையில் நின்றபோது, பதவியேற்று இரண்டே மாதமான திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், கர்தினால் அந்தோனியோ சமோரேயை அனுப்பினார். 1979 ஜனவரி 8 அன்று உருகுவே தலைநகர் மொண்டேவிடியோவில் இரு தரப்பும் படைபலத்தை நாடுவதில்லை என்று ஒப்பமிட்டன. 1980-இல் திருத்தந்தை முன்வைத்த யோசனையைச் சிலி ஏற்றது, அர்ஜென்டினா ஏற்கவில்லை. அங்கு இராணுவ ஆட்சி விழுந்த பிறகே, 1984 நவம்பரில், வத்திக்கானில் அமைதி உடன்படிக்கை கையெழுத்தானது. சமோரே ஈட்டித் தந்தது தீர்வை அல்ல, அவகாசத்தை; அதுவே பெரிது என்பேன்.

பதில் (கானாடுகாத்தான், வழக்கறிஞர்):
ஐயா சொல்வதை எங்கள் வளவிலேயே கண்டிருக்கிறேன். பங்காளிகள் இருவர் ஆளுக்கொரு பூட்டுப் போட்டு அடைத்த அறையின் இரண்டு சாவிகளையும், அந்த வீட்டில் பங்கே இல்லாத பெரியவர் ஒருவர் வாங்கி மடியில் முடிந்துகொண்ட பிறகுதான் பேச்சே தொடங்கியது. பங்கு இல்லாததுதான் அவருக்கு உரிமை தந்தது.

ஆயினும் எல்லை உண்டு. 2003 மார்ச்சில் ஈராக் போரைத் தடுக்க அதே திருத்தந்தை கர்தினால் பியோ லாகியை அதிபர் புஷ்ஷிடம் அனுப்பினார். அம்மாதமே போர் மூண்டது. பின்வாங்க வழி தேடுகிறவர்களுக்குத்தான் இத்தூது கைகொடுக்கிறது.

கேள்வி கேட்டவர்:
நன்றி, ஐயா. அப்படியானால் 2014-இல் அமெரிக்காவும் கியூபாவும் நெருங்கியது?

பதில் (தேவகோட்டை ஆசிரியர்):
வழக்கறிஞர் சொன்ன வகைதான், அம்மா. இரு தரப்பும் முன்பே மறைவாகப் பேசிக்கொண்டிருந்தன. திருத்தந்தை பிரான்சிஸ் ஒபாமாவுக்கும் ராவுல் காஸ்ட்ரோவுக்கும் கடிதம் எழுதி, வத்திக்கானில் இரு நாட்டுப் பிரதிநிதிகளும் சந்திக்க இடமும் தந்தார். தம் முயற்சி உடன்படிக்கையாக முடிவதைக் காணும் கொடுப்பினை சமோரேக்கு இல்லை, 1983-இலேயே இறந்துவிட்டார். சிலியையும் அர்ஜென்டினாவையும் இணைக்கும் ஆண்டிஸ் மலைக் கணவாய் ஒன்றுக்கு இன்று அவர் பெயர்.