மைதானத்தை ரக்பி அணிக்கும் வாடகைக்கு விட்டால் புல்தரை தாங்குமா?

கார்னர்கொடி:

எல்லோருக்கும் வணக்கம். நான் வருஷக்கணக்காகப் பார்த்துவரும் கால்பந்து கிளப் (இங்கிலாந்து, பிரீமியர் லீக்குக்குக் கீழே, பெயர் சொன்னால் இங்கேயே சண்டை வந்துவிடும்) அடுத்த சீசனிலிருந்து ஒரு ரக்பி யூனியன் அணிக்கும் மைதானத்தை வாடகைக்கு விடப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது. நிர்வாகம் இன்னும் வாயே திறக்கவில்லை. ரசிகர் குழுவில் பாதிப் பேர் "போச்சு, டிசம்பருக்குள் வயல்தான்" என்று ஒப்பாரி வைக்கிறார்கள். மீதிப் பேர் "வாடகை வந்தால் ஒரு ஸ்டிரைக்கராவது வாங்கலாமே" என்கிறார்கள்.

எங்கள் அணி பந்தைத் தரையிலேயே வைத்துச் சின்னச் சின்னப் பாஸ்களாக ஆடும் அணி, அதனால் எனக்குக் கவலை புல்தரை பற்றித்தான். ஆளுக்கு நூறு கிலோவுக்கு மேல், பதினாறு பேர் ஒரே இடத்தில் முட்டித் தள்ளினால் புல் எப்படித் தாங்கும்? இதற்கு முன் இப்படிப் பகிர்ந்துகொண்ட கிளப்களுக்கு என்ன ஆனது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். "கால்பந்து மைதானம் கால்பந்துக்கே" மாதிரி கோஷம் வேண்டாம், அது எங்கள் குழுவிலேயே நிறைய இருக்கிறது.

பச்சைத்தரை:

ஸ்க்ரம்மை, அதாவது நீங்கள் சொன்ன அந்தப் பதினாறு பேர் முட்டித் தள்ளுவதை, பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள், ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரிகிறது. பெயர்ந்த புல்லை டிவியில் குளோசப்பில் காட்டுகிறார்கள். ஆனால் தரையைக் கொல்வது ஸ்க்ரம் இல்லை, ஓய்வில்லாமை. இதற்கு 2022 ஜூலை, ஆகஸ்டில் கோவென்ட்ரியில் நடந்ததைப் பாருங்கள். காமன்வெல்த் விளையாட்டின் ரக்பி செவன்ஸ் அங்கேதான் நடந்தது, மூன்றே நாளில் 60-க்கும் மேற்பட்ட ஆட்டங்கள். செவன்ஸில் அணிக்கு ஏழு பேர், ஸ்க்ரம்மில் பக்கத்துக்கு மூன்று பேர்தான், முட்டித் தள்ளுவதெல்லாம் பெயரளவுக்குத்தான். இருந்தும் தரை அப்படிக் கிழிந்து போனதால் கோவென்ட்ரி சிட்டி சீசனின் முதல் உள்ளூர் ஆட்டத்தையே (ரோதர்ஹாமுக்கு எதிரானது) ஆட முடியாமல் தள்ளிப்போட வேண்டிவந்தது. அடுத்து வந்த லீக் கோப்பை ஆட்டத்தைப் பர்ட்டன் மைதானத்துக்குக் கொண்டுபோனார்கள். கிழித்தது எடை இல்லை, மணிக்கணக்கு.

அதற்காக ஸ்க்ரம் ஒன்றுமே செய்யாது என்றும் சொல்லவில்லை. அது எங்கே நடக்கிறது என்று பாருங்கள். கால்பந்துத் தரை 105 மீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். ரக்பிக்கு டிரை கோட்டுக்கு (பந்தை அதன்மேலோ அதைத் தாண்டியோ தரையில் வைத்தால் புள்ளி) பின்னாலும் குறைந்தது 6 மீட்டர் வேண்டும், அதனால் ஆடுதளத்தை 94 மீட்டர் வரை சுருக்கிக்கொள்ள விதி இடம் தருகிறது. இட நெருக்கடி உள்ள மைதானத்தில் டிரை கோடு கால்பந்தின் கோல் கோட்டுக்குச் சில மீட்டர் உள்ளே வந்து விழும். தாக்குதல் அணிக்கு அடிக்கடி கிடைக்கும் ஐந்து மீட்டர் ஸ்க்ரம் அங்கிருந்து இன்னும் ஐந்து மீட்டர் உள்ளே. கணக்குப் போட்டால் ஆறு கஜப் பெட்டிக்கும் பெனால்டி புள்ளிக்கும் நடுவே வந்து நிற்கிறது! கால்பந்தில் பந்து துள்ளாமல் உருள வேண்டிய மிக முக்கியமான இடம் அதுதான். ரக்பிக்காரர்கள் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள், தரை மேடுபள்ளமாக இருந்தால் அவர்களுக்குப் பெரிய நஷ்டமில்லை. நஷ்டம் முழுக்க உங்கள் கோல்கீப்பருக்கு.

ஹைப்ரிட் தரையா என்று முதலில் விசாரியுங்கள். செயற்கை இழைகளை சுமார் 2 சென்டிமீட்டர் இடைவெளியில் 20 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தைத்துவிடுவார்கள், புல்லின் வேர் அதைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு வளரும். செயற்கை இழையின் பங்கு வெறும் 3 முதல் 5 சதவீதம்தான், ஆனால் முன்பு பாளம் பாளமாகப் பெயர்ந்த தரை இதில் பெயராது, மேலே உள்ள புல் மட்டும் தேயும். சாதாரண மண் தரை என்றால் உங்கள் குழுவின் ஒப்பாரியில் நியாயம் இருக்கிறது.

அப்புறம், ரக்பியில் யூனியன், லீக் என்று இரண்டு தனித்தனி வகை உண்டு, வருவது யூனியன் என்பது ஒரு வகையில் நல்லது. ரக்பி லீக் 1996-லேயே கோடைக்கு மாறிவிட்டது, பிப்ரவரியிலிருந்து அக்டோபர் வரை. ஹடர்ஸ்ஃபீல்ட், ஹல், விகன் மூன்று ஊர்களிலும் கால்பந்து அணி ரக்பி லீக் அணியோடுதான் மைதானத்தைப் பகிர்கிறது. அங்கே மே, ஜூனில் தரையைச் சுரண்டி எடுத்து மறுபடி விதைக்க வேண்டிய நேரத்தில் ரக்பி அணி ஆடிக்கொண்டிருக்கும். யூனியன் என்றால் கோடை பெரும்பாலும் உங்களுக்குக் கிடைக்கும். ஆனால் நவம்பர் முதல் பிப்ரவரி வரை புல் வளரவே வளராது, அந்த நான்கு மாதம்தான் சோதனை. புல் வளர வெளிச்சம் தரும் விளக்கு வண்டிகளைத் தரைமேல் நிறுத்துவார்களே, அவை உங்கள் கிளப்பிடம் உண்டா?

குத்தகைக்கணக்கு:

மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் என் அனுபவத்தில், அதாவது இந்த மாதிரி ஒப்பந்தங்களைத் தொடர்ந்து படித்துவருகிற அனுபவத்தில், முதல் கேள்வி புல் இல்லை. மைதானம் யாருடையது?

சொந்தக்காரர் ஒருவரே என்றால் பிரச்சினை பாதி தீர்ந்துவிடுகிறது. பிரிஸ்டலில் கால்பந்து கிளப்பும் ரக்பி கிளப்பும் ஆஷ்டன் கேட் மைதானமும் ஸ்டீவ் லான்ஸ்டவுன் என்ற ஒரே முதலாளி கையிலேயே இருந்ததால் அட்டவணையும் பராமரிப்பும் ஒரே மேசையில் முடிவாயின. 2023-லிருந்து விகனிலும் அதே கதை, மைக் டான்சன் இரண்டு அணிகளையும் வைத்திருக்கிறார். ஒரு பக்கம் நஷ்டமானாலும் அது அவருடைய சட்டைப்பையிலிருந்துதான் போகிறது, அதனால் ஒருவர் மேல் ஒருவர் பழி போட வேலையில்லை.

உங்கள் கிளப் சொந்தக்காரர், ரக்பி குடித்தனக்காரர் என்றால் அதுவும் பரவாயில்லை. சரசென்ஸ் ரக்பி அணி 1997 முதல் 2013 வரை வாட்ஃபோர்டின் விகாரேஜ் ரோட்டில் குடியிருந்துவிட்டு, பிறகு வடக்கு லண்டனில் செயற்கைத் தரை போட்ட தங்கள் இடத்துக்குப் போய்விட்டார்கள். லண்டன் ஐரிஷ் ரக்பி அணி ரெடிங் கால்பந்து கிளப்பின் மைதானத்தில் 20 வருஷம். அதன்பின் 2020-ல் பிரென்ட்ஃபோர்டின் புது மைதானத்துக்கு வந்தார்கள், 2023-ல் அந்தக் கிளப்பே நொடித்துப்போனது. பிரென்ட்ஃபோர்ட் அதனால் தெருவுக்கு வரவில்லை என்பதைக் கவனியுங்கள், ஏனென்றால் வீடு அவர்களுடையது.

பயப்பட வேண்டியது தலைகீழாக நடக்கும்போதுதான். 2014-ல் வாஸ்ப்ஸ் ரக்பி கிளப் கோவென்ட்ரியின் மைதானத்தையே வாங்கிவிட்டது. ஊரின் கால்பந்து கிளப் வெளியிலிருந்து வந்த ரக்பி கிளப்புக்கு வாடகை கட்டும் நிலை. 2019-லிருந்து இரண்டு சீசன் கோவென்ட்ரி சிட்டி பர்மிங்காமில் போய் "உள்ளூர்" ஆட்டம் ஆடியது. 2022 அக்டோபரில் வாஸ்ப்ஸ் திவாலாக, மைதானம் தொழிலதிபர் மைக் ஆஷ்லியின் நிறுவனத்திடம் போய், கடைசியில் 2025-ல்தான் கால்பந்து கிளப் கைக்கு வந்தது. புல் இரண்டு மாதத்தில் முளைத்துவிடும். மைதானம் கைமாறினால் மீட்க எத்தனை வருஷம் ஆனது என்று பாருங்கள்.

ஆகவே கார்னர்கொடி, கையெழுத்தாகப் போவது வாடகை ஒப்பந்தமா, இல்லை மைதானத்தை நடத்தும் நிறுவனத்தில் ரக்பிக்காரர்களுக்குப் பங்கும் உண்டா? பங்கு என்றால் நானே உங்கள் ஒப்பாரிக் கோஷ்டியில் சேர்ந்துகொள்கிறேன்.

லைன்அவுட்:

ரக்பி ரசிகனாக ஒரு வார்த்தை. இங்கே எல்லோரும் நாங்கள் வந்து உங்கள் வீட்டை நாசம் பண்ணுவது போலவே பேசுகிறீர்கள். எங்களுக்கும் இந்த ஏற்பாடு பெரும்பாலும் பிடிப்பதில்லை. கார்டிஃப் ப்ளூஸ் ரக்பி அணி 2009-ல் பழைய ஆர்ம்ஸ் பார்க் மைதானத்தை விட்டுவிட்டு கால்பந்து கிளப்பான கார்டிஃப் சிட்டியின் பளபளப்பான புது மைதானத்துக்குப் போனது. பாதிக்கு மேல் இருக்கை காலி, பாட்டு எழும்பவில்லை, மூன்றே சீசனில், 2012-ல், திரும்பி வந்துவிட்டார்கள். 25,000 இருக்கையில் எட்டாயிரம் பேர் உட்கார்ந்து பார்த்தால் நல்ல ஆட்டம்கூட ஒத்திகை மாதிரிதான் தெரியும்.

உங்களுக்குத் தெரியாத இன்னொரு வேடிக்கையும் உண்டு. அதே இருக்கை, அதே பீர். எங்கள் ஆட்டத்தில் கோப்பையோடு இருக்கைக்கு வந்து உட்காரலாம். உங்கள் ஆட்டத்தில் ஆடுகளம் கண்ணில் படும் இடத்தில் மது கூடாது, 1985-ஆம் வருஷச் சட்டம் அது, கால்பந்துக்கு மட்டும். சொகுசு அறைகளில்கூட நீங்கள் ஆடும்போது குடிக்க வேண்டுமென்றால் திரையை இழுத்துவிட வேண்டும். எதிரணி ரசிகர்களைத் தனி வாசல் வழியாக விட்டு வேலி போட்டுப் பிரிப்பதும் உங்களுக்குத்தான், நாங்கள் கலந்துதான் உட்காருவோம். ஆகவே ஒரே மைதானத்துக்கு வாரம் ஒரு வேஷம். ஊழியர்கள் பாவம்.

கார்னர்கொடி:

நன்றி, எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே கிடைத்தது. இப்போதைக்கு வாடகை என்றுதான் கேள்விப்படுகிறேன், பங்கு பற்றிப் பேச்சில்லை. தரை ஹைப்ரிட்தான், விளக்கு வண்டி ஒன்றிரண்டு பார்த்த ஞாபகம்.

இன்னும் இரண்டு சந்தேகம். ரக்பி ஆட்டத்துக்கு அடுத்த நாள் கால்பந்து என்றால் அந்தக் கோடுகளை என்ன செய்வார்கள்? டிவியில் சில சமயம் பெனால்டி பெட்டிக்குக் குறுக்கே வெளிறிய கோடு தெரிகிறதே. அப்புறம், வெள்ளி இரவு அவர்கள், சனி மதியம் நாங்கள் என்று அட்டவணை வந்தால் யார் விட்டுக்கொடுக்க வேண்டும்?

பச்சைத்தரை:

கோடு விஷயம் சுலபம் போலத் தெரியும், ஆனால் எரிச்சல் பிடித்த வேலை. செயற்கைத் தரையில் வேறு நிறத்தில் வேறு கோடுகள் இருக்கலாம் என்று கால்பந்து விதியே சொல்கிறது. புல்தரையில் கால்பந்துக் கோடுகள் மட்டும்தான் இருக்க வேண்டும். அதனால் ரக்பிக்கு லேசில் கழுவக்கூடிய பெயிண்ட் அடிப்பார்கள், ஆட்டம் முடிந்த இரவே தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவி, போகாத இடத்தில் பச்சைச் சாயம் தெளிப்பார்கள். நீங்கள் டிவியில் பார்த்தது அந்தப் பச்சைதான், புல்லின் பச்சையோடு ஒட்டாது. கழுவிய தண்ணீர் தரைக்குள்தான் இறங்குகிறது, குளிர்காலத்தில் ஏற்கெனவே ஈரமான தரை இன்னும் இளகும். கம்பங்களும் மாற வேண்டும். 7.32 மீட்டர் அகலக் கால்பந்து கோலைக் கழற்றிவிட்டு, 5.6 மீட்டர் அகல எச் வடிவக் கம்பத்தைக் குழிக்குள் இறக்கி நிமிர்த்துவது, ஆட்டம் முடிந்ததும் அதே வேலை திரும்ப. வெள்ளி இரவு பத்து மணிக்கு ஆட்டம் முடிந்தால் விடியும்வரை ஆட்கள் உள்ளேதான் இருப்பார்கள்.

குத்தகைக்கணக்கு:

யார் விட்டுக்கொடுப்பது என்பது ஒப்பந்தத்தில் ஒரே ஒரு வரியாக இருக்கும், ஆனால் மொத்த ஏற்பாடும் அந்த ஒரு வரியில்தான் நிற்கிறது. ரக்பி பக்கம் இதை எவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொள்கிறார்கள் என்பதற்கு 2012 உதாரணம். லண்டன் வெல்ஷ் ரக்பி அணி இரண்டாம் டிவிஷனை வென்றும், ஆக்ஸ்ஃபோர்ட் யுனைடெட் ஆடும் கஸ்ஸாம் மைதானத்தில் தேதி முன்னுரிமை அவர்களுக்கு இல்லை என்று சொல்லி மேல் டிவிஷனுக்கு ஏற்றவே மறுத்துவிட்டார்கள். மேல்முறையீட்டில் ஜெயித்துத்தான் ஏறினார்கள். ஆகவே உங்களிடம் வரும் ரக்பி கிளப்பும் முன்னுரிமை கேட்டுத்தான் பேச ஆரம்பிக்கும். கொடுக்கக் கூடாது.

எண்ணிக்கையில் பயப்பட ஒன்றுமில்லை. உங்கள் டிவிஷனில் 24 அணிகள், உள்ளூர் லீக் ஆட்டம் 23. ரக்பியின் மேல் டிவிஷனான பிரீமியர்ஷிப்பில் இப்போது பத்தே அணிகள், உள்ளூரில் 9 ஆட்டம், கோப்பை ஆட்டங்கள் சேர்ந்தால் கொஞ்சம் கூடும். எஃப்ஏ கோப்பையில் முதல் சுற்றிலிருந்து மறுஆட்டத்தையும் 2024-லிருந்து எடுத்துவிட்டார்கள், திடீரென்று முளைக்கும் தேதியும் குறைந்துவிட்டது. கேட்டு வாங்க வேண்டியவை வேறு: இரண்டு ஆட்டத்துக்கும் நடுவே குறைந்தது 48 மணி நேரம், ரக்பி அணி அங்கே பயிற்சி எடுக்கவே கூடாது, தரையைச் செப்பனிடும் செலவில் அவர்கள் பங்கு எவ்வளவு, மழை நாளில் ஆடலாமா வேண்டாமா என்று முடிவு சொல்வது யார். கடைசியாகச் சொன்னதை உங்கள் தலைமைப் பராமரிப்பாளர் கையில் எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள், இயக்குநர்கள் கையில் வேண்டாம்.

இன்னொன்று, ரசிகர் கூட்டத்தில் யாருமே கேட்காத கேள்வி. ரக்பியைக் குறை சொல்லிக்கொண்டே ஜூனில் மைதானத்தைப் பாட்டுக் கச்சேரிக்கு விடும் கிளப்கள் உண்டு. புல்மேல் பலகை போட்டு, மேடை கட்டி, ஆயிரக்கணக்கான பேரை ஏற்றி நிறுத்துகிறார்கள், விதைக்க வேண்டிய வாரங்கள் அதில் போய்விடும். யூனியன் அணி விட்டுக்கொடுக்கும் கோடையை உங்கள் நிர்வாகமே விற்றுவிடாது என்று உறுதி இருக்கிறதா, முதலில் அதைக் கேளுங்கள்.