பழைய காலப் படங்களில் உங்கள் கண்ணை உறுத்திய ஒன்று: அனுபவங்களைச் சொல்லுங்கள்

தூக்குவாளி

படத்தின் பெயர் வேண்டாம், பார்த்தவர்களுக்குத் தெரிந்துவிடும். 1952-ல் நடக்கிற கதை. இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் கடிதம் வருமே, அந்தக் காட்சிதான். தபால்காரரின் காக்கிச் சட்டை, சைக்கிள், தோள்பை எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார்கள். கதாநாயகி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே ஓடி வந்து உறையை வாங்குகிறாள். பின்னணியில் வயலின். அடுத்து திரை முழுக்க உறை. ஊதா மையில் முத்து முத்தான கையெழுத்து: "மயிலாப்பூர், சென்னை – 600 004."

பின்கோடு வந்ததே 1972 ஆகஸ்ட் 15-ல். அதுவரைக்கும் "சென்னை – 4" என்று எழுதினால் கடிதம் வந்து சேர்ந்துவிடும். அந்த 4-தான் பிற்பாடு 600 004 ஆனது. குறைவாக எழுதியிருந்தால் சரியாக இருந்திருக்கும், மெனக்கெட்டு அதிகம் எழுதித் தப்பாக்கியிருக்கிறார்கள். அதற்கப்புறம் அவள் அழுத அழுகையில் தியேட்டரே மூக்கை உறிஞ்சியது. நான் மட்டும் அந்த 600-ஐயே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் கணவர் திரும்பிப் பார்த்து, "உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா?" என்றார்.

உங்களுக்கும் இப்படி ஒன்று இருக்கும். சொல்லுங்கள்.

அரைநெல்லி

நானும் பார்த்தேன் மேடம். பின்கோடை விடுங்கள், அதைவிடப் பெரிய தப்பு "சென்னை". 1996 வரைக்கும் மெட்ராஸ்தானே?

தூக்குவாளி

அது ஆங்கிலத்தில். தமிழில் எழுதும்போது அப்போதும் சென்னைதான். சென்னை மாகாணம், சென்னை ராஜ்யம் என்றெல்லாம் பழைய பத்திரிகைகளில் பார்த்ததில்லையா? அதில் தப்பே இல்லை.

மீட்டர்கேஜ்

என் வயிற்றெரிச்சல் ரயில் சம்பந்தப்பட்டது. 1960-களின் நடுவில், மதுரைக்குத் தெற்கே ஒரு சின்ன ஸ்டேஷன். வழியனுப்பும் காட்சி. நீராவி எஞ்சினை கிராபிக்ஸில் செய்திருந்தார்கள், அதை நான் குறை சொல்லவில்லை, புகையெல்லாம் நன்றாகவே இருந்தது. அவன் ரயிலோடு ஓடுகிறான். கேமரா தரையோடு தரையாக அவன் செருப்புக் காலைக் காட்டுகிறது. காலுக்கு அந்தப் பக்கம் தண்டவாளம். அகல ரயில்பாதை! அடியில் கான்கிரீட் சிலிப்பர் கட்டை, ஒவ்வொன்றும் வெள்ளை வெளேரென்று, நேற்றுதான் போட்டது மாதிரி.

அந்தப் பக்கம் அப்போது ஓடியது எல்லாம் மீட்டர்கேஜ். ஒரு மீட்டர் அகலம், மரக்கட்டை, அதில் எண்ணெய்க் கறை. எழும்பூர்–மதுரை தடமே 1990-களின் கடைசியில்தான் அகலப்பாதை ஆனது. அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர். முக்கால் மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான வித்தியாசம். கண் தெரிகிற எவனுக்கும் தெரியும்.

மேலே மின்கம்பி வேறு. இதில் நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும்: தாம்பரம் வரை 1931-லேயே மின்சார ரயில் ஓடியது, விழுப்புரம் வரைக்கும் 1960-களில் கம்பி இழுத்துவிட்டார்கள், அதுவும் மீட்டர்கேஜிலேயே. ஆகவே "அந்தக் காலத்தில் கம்பியா?" என்று யாராவது பொதுவாகச் சொன்னால் சண்டைக்கு வருவேன். ஆனால் மதுரைக்குத் தெற்கே கிடையாது.

கொல்லைப்புறம்

எங்கள் அப்பா சினிமாவே பார்க்காதவர். ராஜா காலத்துப் படம் என்று நாங்கள்தான் வற்புறுத்திக் கூட்டிப்போனோம். சோழர் படை ஆற்றங்கரையில் கூடாரம் அடித்திருக்கிறது. குதிரைகள், கொடிகள், ஈட்டிகள். இளவரசர் தூதனிடம் ரகசியம் பேசுகிறார், எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கிறோம். அப்பா சத்தமாக, "ஏண்டா, இந்தச் சனியன் அப்பவே இருந்துச்சா?" என்றார்.

கூடாரத்துக்குப் பின்னால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை சீமைக்கருவேலம். எங்கள் நிலத்தில் அதைத் தோண்டி எடுக்க ஜேசிபிக்கு அவர் கொடுத்த காசு அவருக்குத்தான் தெரியும். அமெரிக்கக் கண்டத்து மரம் அது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் காவிரிக்கரையில் அதற்கு என்ன வேலை? முன்வரிசையிலிருந்து யாரோ "பெரியவரே, உட்காருங்க" என்றார்கள். அவர் உட்கார்ந்துதான் இருந்தார்.

அதற்கப்புறம் எனக்கும் படம் போயிற்று. ஆற்றில் ஆகாயத்தாமரை: தென்னமெரிக்கா. பட்டாபிஷேகத்தில் செண்டுமல்லி மாலை: மெக்சிகோ. மடைப்பள்ளியில் முறத்தில் சிவக்கச் சிவக்க மிளகாய் வற்றல். அது போர்ச்சுக்கீசியர் கப்பலில் வந்தது, ராஜராஜன் காலத்துக்கு ஐந்நூறு வருஷம் கழித்து. மிளகும் திப்பிலியும்தான் அப்போது காரம். அரண்மனையில் போட்டிருந்த நகை ஒவ்வொன்றுக்கும் கோயில் சிற்பத்தைப் பார்த்து வடிவம் எடுத்ததாகப் பேட்டி கொடுத்தார்கள். செடிக்கு யாரும் ஒரு விவசாயியைக் கேட்கவில்லை.

அரைநெல்லி

சார், செடியையும் சிலிப்பர் கட்டையையும் பார்க்கவா படத்துக்குப் போகிறீர்கள்? மீட்டர்கேஜ் அண்ணனுக்கு ஒரு கேள்வி. தமிழ்நாட்டில் இன்றைக்கு மீட்டர்கேஜ் மிச்சம் இருப்பது மேட்டுப்பாளையம்–ஊட்டி மலை ரயில் மட்டும்தான். மதுரைக் கதையை எடுக்கிறவன் குன்னூரில் போய் எடுக்க முடியுமா? வெள்ளைக்காரனே சறுக்கியிருக்கிறான். 'டவுன்டன் ஆபி' தொடருக்கு 2014-ல் வந்த விளம்பரப் புகைப்படத்தில், 1924-ஆம் வருஷத்து மாளிகையில், கணப்பு மாடத்துக்கு மேலே பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் நின்றது. உலகமே சிரித்தது. நடிகர்கள் ஆளுக்கொரு பாட்டிலோடு நின்று இன்னொரு படம் எடுத்து, தண்ணீருக்காக வேலை செய்யும் தொண்டு நிறுவனத்துக்கு ஆதரவாக வெளியிட்டார்கள். அந்த மாதிரி எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான்.

மீட்டர்கேஜ்

கேமராவை நாலு அடி தூக்கி வைத்திருந்தால் தண்டவாளமே தெரிந்திருக்காது தம்பி. காட்டச் சொல்லி நான் கேட்கவில்லை. அவர்களாகக் காட்டினார்கள்.

தெற்குவாசல்

சுருக்கமாக. 1950-களின் காதல் ஜோடி ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தைத் தாண்டி நடந்து வருகிறார்கள். 13 நிலை, 236 அடி, வண்ணம் பூசி ஜம்மென்று. அது முடிந்தது 1987-ல். அதற்கு முன் நானூறு வருஷம் அது மொட்டைக் கோபுரம். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக அண்ணாந்து சாரத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள், அகோபில மடத்து ஜீயர் முன்னால் நின்று கட்டியதை ஊரே கண்டது. எங்கள் ஊர்த் தியேட்டரில் அந்தக் காட்சிக்கு விசில் பறந்தது, கோபுரத்தைப் பார்த்த சந்தோஷத்தில். நான் அடித்த விசில் வேறு காரணத்துக்கு.

சில்லறை

1948-ல் பஜாரில் ஒரு பையன், "ஐம்பது பைசா குறைச்சுக்குங்க" என்று பேரம் பேசுகிறான். அப்போது ரூபாய்க்கு 16 அணா, 64 பைசா. நூறு பைசா கணக்கு 1957 ஏப்ரல் முதல் தேதிதான் வந்தது, அதையும் நயா பைசா என்றார்கள். எட்டணா என்றால் முடிந்தது. எட்டணா என்ற பேச்சு 90-கள் வரைக்கும் இருந்ததே, எந்தப் பார்வையாளருக்குப் புரியாமல் போய்விடும்?

க்ளாப்போர்டு

வணக்கம். சில வருடங்கள் உதவி இயக்குநராக இருந்தவன். எல்லாரும் காலத்தப்பைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் தூக்கத்தைக் கெடுத்தது கன்டினியூட்டி, அதாவது ஒரு ஷாட்டில் இருந்தது அடுத்த ஷாட்டிலும் மாறாமல் இருக்கிறதா என்று பார்ப்பது.

என் கதை சின்னது. சுதந்திரப் போராட்டக் காலத்துப் படம். தடியடியில் நாயகனுக்கு இடது நெற்றியில் கட்டு. எடிட்டிங்கில் இரண்டு பேரும் ஒரே பக்கம் பார்க்கிற மாதிரி வந்துவிட்டதால் ஒரு ஷாட்டை ஃப்ளிப் செய்துவிட்டார்கள், அதாவது கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பிப் போட்டுவிட்டார்கள். படம் வெளியானபோது கட்டு வலது பக்கம் தாவியது, சட்டைப்பையும் கூடவே தாவியது. கன்டினியூட்டி நோட்டு என் கையில் இருந்ததால் திட்டு எனக்கு. நோட்டில் இடது என்றுதான் எழுதியிருந்தேன், எடுத்துக் காட்டினேன். யாரும் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

குறும்படம் எடுக்கிற தம்பிகள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள், அதனால் சொல்கிறேன். ஒரு ஷாட் முடிந்ததும் நடிகர் நாற்காலிக்குப் போவதற்குள் போட்டோ எடுத்துவிடுங்கள். முன்பக்கம், பின்பக்கம், இரண்டு பக்கவாட்டு, கை. கையை விட்டுவிடுவார்கள். மோதிரமும் வளையலும் மாறுவது அங்கேதான். தாலி புடவைக்கு உள்ளேயா வெளியேயா என்று தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். தலையில் மல்லிகைப்பூவா, சீன் ஒரே ராத்திரியில் நடந்தாலும் எடுப்பது மூன்று நாளாக இருக்கும், எத்தனை முழம், எந்தப் பக்கம் தொங்கியது என்று எழுதுங்கள், தினமும் புதுப்பூ அதே அளவுக்கு வாங்கச் சொல்லுங்கள். காபி டம்ளர் இருந்தால் எந்த வசனத்தில் வாய்க்குப் போனது என்று வசனத்தாளில் கோடு போடுங்கள். முடிந்தால் டம்ளரே வேண்டாம் என்று டைரக்டரிடம் சொல்லிவிடுங்கள். சாப்பாட்டுக் காட்சி என்றால் இலையை மேலிருந்து போட்டோ எடுங்கள், அப்பளம் உடைந்ததா இல்லையா என்பது வரைக்கும். வியர்வைக்கு ஸ்ப்ரே அடிக்கிறவரிடம் அளவைச் சொல்லிவையுங்கள். பீரியட் படமென்றால் காலையில் முதல் வேலை ஜூனியர் ஆர்ட்டிஸ்டுகளின் மணிக்கட்டைப் பார்ப்பது. சாமிக்கயிறு சரி, டிஜிட்டல் வாட்ச் கழற்றியாக வேண்டும். தடுப்பூசித் தழும்பு, புருவம் திருத்தியது, பல்லில் கிளிப், எல்லாம் பார்க்க வேண்டும். பேட்ச் ஒர்க், அதாவது விட்டுப்போன துண்டு ஷாட்டுகளை எடுப்பது, நாலு மாதம் கழித்து வரும், அதற்குள் நாயகன் வேறு படத்துக்கு முடி வெட்டியிருப்பார், விக் வைத்தால் காதோரம் வித்தியாசம் தெரியும், அதனால் காதோரத்தை மட்டும் தனியாக க்ளோசப்பில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். போனில் எடுத்த போட்டோவை அன்றைக்கே சீன் எண் போட்டுச் சேமிக்காவிட்டால் எடுத்தும் பிரயோசனம் இல்லை. இன்னும் இருக்கிறது, யாராவது கேட்டால் எழுதுகிறேன்.

சில்லறை

யாருமே கேட்கவில்லையே சார்.

எனாமல்

நான் போர்டு எழுதுகிறவன். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு தொழில் படுத்துவிட்டது. சினிமாவில் பழைய கடைத்தெரு செட் போட்டால் மட்டும் எங்களைத் தேடுவார்கள்.

1940-கள் கதை. ஒரு தெரு முழுக்கப் போர்டு. ஜவுளி, நாட்டு மருந்து, காப்பிக் கிளப், சைக்கிள் வாடகை. நான் பழைய எழுத்தில் எழுதினேன். இப்போதுள்ள பிள்ளைகளுக்கு: 'லை', 'னை', 'ணை', 'ளை' நான்குக்கும் தலையில் யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு வளைவு வரும். ணா, றா, னா மூன்றும் கால் போடாமல் சுழித்துக் கீழே இறங்கும். 1978-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அரசாணை போட்டு மாற்றிய எழுத்துகள் அவை. எனக்கு அந்தத் தும்பிக்கையைப் போடக் கற்றுக்கொடுத்தவர் என் வாத்தியார். எட்டாம் நம்பர் பிரஷை லேசாகச் சாய்த்து, மூச்சை அடக்கி ஒரே இழுப்பு. நடுவில் நிறுத்தினால் பெயிண்ட் முடிச்சு விழுந்துவிடும். "சேலை", "விலை", "வெண்ணை" என்று அவர் காலத்துப் போர்டுகளில் இருந்த வார்த்தையாகத் தேடித் தேடி எழுதினேன், அந்த இழுப்புக்காகவே.

மறுநாள் காலையில் போனால் ஒரு பையன் ஏணி போட்டு ஏறி, என் 'லை' எல்லாவற்றையும் அடித்துவிட்டுப் புது 'லை' எழுதிக்கொண்டிருக்கிறான். கீழே நின்றவர் சொன்னார்: "அண்ணே, ஆடியன்ஸ் எழுத்துப்பிழைன்னு நினைச்சுருவாங்க."

காசு கொடுத்தார்கள், அதில் குறை இல்லை. படத்தைப் பார்த்தேன். தெருவில் ஓடிய ஃபோர்டு காரை எங்கிருந்தோ வாடகைக்குப் பிடித்து வந்திருந்தார்கள். அதற்கு என் மொத்தக் கூலியைப் போலப் பல மடங்கு ஆகியிருக்கும். கார் திரையில் கண்ணிமைக்கிற நேரம். என் போர்டுகள் ஒரு பாட்டு முழுக்க.

மீட்டர்கேஜ்

அண்ணே, கேட்கவே ஆத்திரமாக வருகிறது.

அரைநெல்லி

எனாமல் அண்ணே, கோபிக்கக் கூடாது. புது எழுத்து 1978-ல் திடீரென்று முளைக்கவில்லை. பெரியார் 1935-லேயே தன் 'குடி அரசு' பத்திரிகையில் அந்த எழுத்தில் அச்சடிக்க ஆரம்பித்துவிட்டார். சுயமரியாதைக்காரர் ஒருவர் 1940-களில் தன் கடைப் போர்டைப் புது எழுத்தில் எழுதச் சொல்லியிருக்கலாம் அல்லவா?

எனாமல்

எழுதச் சொல்லியிருக்கலாம் தம்பி. தெருவில் ஒரு கடை அப்படி இருந்திருந்தால் நானே பாராட்டியிருப்பேன். ஆனால் இங்கே பிள்ளையார் படம் போட்ட ஜவுளிக்கடையும் ஐயர் காப்பிக் கிளப்பும் சேர்ந்தல்லவா சுயமரியாதை இயக்கத்தில் இருக்கின்றன!

தெற்குவாசல்

அந்த ஏணிப் பையன் பூராவையும் அடித்து முடித்தானா, இல்லை ஏதாவது தப்பித்ததா?

எனாமல்

நாட்டு மருந்துக் கடை தப்பித்தது. "தலைவலித் தைலம்" என்று எழுதியிருந்தேன். அதற்கு முன்னால் வாழைத்தார் தொங்கவிட்டிருந்ததால் அவன் கண்ணில் படவில்லை. பாட்டில் இரண்டாவது சரணத்தில் நாயகி அந்தத் தாரை விலக்கிக்கொண்டு போவாள், அப்போது தெரியும், தும்பிக்கையோடு. பக்கத்துக் கடையில் அதே "தலைவலி" புது எழுத்தில் இருக்கிறது. க்ளாப்போர்டு சார், இது உங்கள் கணக்கில் வருமா, என் கணக்கில் வருமா?

க்ளாப்போர்டு

ஆர்ட் டிபார்ட்மென்ட் கணக்கு. ஆனால் திட்டு கன்டினியூட்டி பார்த்தவனுக்குத்தான் விழுந்திருக்கும்.