1911 கைத்துப்பாக்கி: வாங்கும்போதும் பாகம் மாற்றும்போதும் கண்ணில் பட்டவை (புனைபெயரில் நால்வர் எழுதியது)

ஐந்தங்குலம்

கைமாறி வந்த கவர்ன்மென்ட் அளவு (ஐந்தங்குலப் பேரல், அதாவது குழல்) 1911 ஒன்று. 230 கிரெயின் (சுமார் 15 கிராம்) எடைக் குண்டுள்ள உருண்டை மூக்குத் தோட்டா போட்டால் தையல் மிஷின் மாதிரி ஓடும். ஹாலோ பாயிண்ட் (மூக்கில் குழி உள்ள தோட்டா) போட்டால், தோட்டா அறைக்கு ஏறும் சரிவான ராம்ப்பில் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றுவிடும். கழற்றிப் பார்த்தால் ஃபிரேம் (அடிச்சட்டம்) ராம்ப் முகம் பார்க்கலாம் போல மின்னுகிறது. சுழல் அரத்தை வைத்து யாரோ தேய்த்திருக்கிறார்கள்.

பேரலைக் கீழிறக்கிப் பின்னால் தள்ளினால் ஃபிரேம் ராம்ப்பின் மேல் விளிம்புக்கும் பேரல் தொண்டைக்கும் (குழலின் பின்வாய்க்கும்) நடுவே சுமார் 1/32 அங்குலம், அதாவது 0.8 மி.மீ. இடைவெளி தெரியவேண்டும். இதில் அது சுத்தமாகப் போய்விட்டது. ஏறி வரும் தோட்டா நேராகப் பேரல் உதட்டில் இடிக்கிறது. தொண்டையைச் சரித்து இடைவெளியை மீட்கலாம்தான். ஆனால் தோட்டாக் கூட்டின் அடிப்பக்கத்துக்குத் தாங்கல் குறையும், சுட்ட கூடு அங்கே புடைத்து வரும். பேரலைப் புதிதாக வாங்கிவிடலாம். ஃபிரேமில் போன உலோகத்தை வெல்டு வைத்தோ துண்டு பதித்தோதான் ஈடுகட்ட முடியும்.

இத்தனைக்கும் மேகசினை மாற்றிப் பார்த்திருந்தாலே தீர்ந்திருக்கும். பழைய ராணுவ மேகசினின் உதடு நீளமாகச் சரிந்து தோட்டாவைத் தாமதமாக விடும். மூக்கு குட்டையான தோட்டாவுக்கு அது ஒத்துவராது. இரண்டுக்கும் நடுவில் விடும் ஹைபிரிட் உதடு மேகசின் இரண்டு வாங்கி முதலில் ஓட்டிப் பாருங்கள். அரம் பக்கம் போகவே போகாதீர்கள்.

கொக்கிமுனை

ஐந்தங்குலம் சார், மேகசினோடு நிறுத்திவிட்டீர்கள். பாதி அடைப்புக்குக் காரணம் எக்ஸ்ட்ராக்டர், அதாவது கூட்டின் விளிம்பைப் பிடித்து வெளியே இழுக்கும் கொக்கி. கமாண்டர் ஒன்றில் (4.25 அங்குல பேரல்) ஸ்லைடு (மேலே முன்பின் ஓடும் பகுதி) கடைசி 2 மி.மீ. மூடாமல் நின்றது. கட்டைவிரலால் தட்டினால் மூடும். எல்லோரும் ஸ்லைடை முன்னே தள்ளும் ரிகாயில் ஸ்பிரிங்கைத்தான் குறை சொன்னார்கள். அதில் 18 பவுண்டு ஸ்பிரிங் புதிதாகவே இருந்தது. எக்ஸ்ட்ராக்டர் இறுக்கம் அதிகம், கூட்டின் விளிம்பு கொக்கிக்குள் ஏற முடியவில்லை. அவ்வளவுதான்.

சோதிக்கும் முறை: ஸ்லைடைத் தனியாக எடுத்து, டம்மி தோட்டாவைக் கீழிருந்து கொக்கிக்குள் ஏற்றுங்கள். விரலால் லேசாகத் தள்ளினால் ஏறவேண்டும். விட்டபின் தானாக நிற்கவேண்டும், மெதுவாக ஆட்டினாலும் விழக்கூடாது. உடனே விழுந்தால் இறுக்கம் போதாது. எக்ஸ்ட்ராக்டரை உருவி, அதன் முன்பாதியை அதே துளையில் சொருகி, வெளியே நிற்கும் பாதியைக் கையால் துளி வளைத்து, மறுபடி சோதியுங்கள். ஒரே மூச்சில் அதிகம் வளைக்க வேண்டாம்.

வெளியே வரும் கூடு ஒன்று வலப்பக்கம், ஒன்று நெற்றிக்கு நேராக என்று பறந்தால், ஃபயரிங் பின்னையும் (தோட்டாவைக் குத்தும் ஊசி) எக்ஸ்ட்ராக்டரையும் பின்னால் பிடித்து நிறுத்தும் தகடான ஃபயரிங் பின் ஸ்டாப்பை ஆட்டிப் பாருங்கள். அது தொளதொளவென்று இருந்தால் எக்ஸ்ட்ராக்டர் துளைக்குள்ளேயே சுழலும்.

அறைக்குள் கையால் தோட்டாவைப் போட்டு ஸ்லைடை அறைந்து மூடும் பழக்கத்தையும் விடுங்கள். 1911இல் விளிம்பு கீழிருந்து கொக்கிக்குள் ஏறவேண்டும். எதிரே போய் மோதி மோதிக் கொக்கி தேய்கிறது.

சாம்பல்பச்சை

நீங்கள் இருவரும் சொல்வது சுடுவதற்கு வாங்கும் துப்பாக்கிக்கு. ரெமிங்டன் ராண்ட் எம்1911ஏ1 (ராணுவத்துக்குச் செய்த 1911) ஒன்றை பஃபிங் சக்கரத்தில் தேய்த்துப் புதிதாக நீலம் ஏற்றி வைத்திருந்ததைப் பார்த்தபோது மனசே ஆறவில்லை. தட்டச்சுப்பொறி செய்த கம்பெனி இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் செய்து கொடுத்தது. ஃபிரேமில் அரசாங்க உடைமை என்று பொறித்த எழுத்தின் ஓரங்கள் மழுங்கி, பரிசோதகர் முத்திரை நிழலாகத் தெரிகிறது. துருவாவது மெதுவாகத் தின்னும், சக்கரம் பத்து நிமிடத்தில் முடித்துவிடும்.

அதே போரில் செய்து கொடுத்த யூனியன் ஸ்விட்ச் அண்ட் சிக்னல், இதாகா, வெறும் 500 மட்டும் செய்த சிங்கர் என எதுவாக இருந்தாலும் பூச்சு தேய்ந்திருந்தால் அப்படியே விடுங்கள். எண்ணெய்த் துணி போதும். பாகம் மாற்ற ஆசையென்றால் இன்றைய தயாரிப்பு ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள்.

சியர்முனை

கொக்கிமுனை நண்பரே, ஒரு திருத்தம். கோல்ட் கம்பெனியின் சீரிஸ் 80 வகை என்றால் எந்த எக்ஸ்ட்ராக்டரும் போட்டுவிட முடியாது. 1983இல் கோல்ட் சேர்த்த ஃபயரிங் பின் தடைக்காக (டிரிகரை அழுத்தும்வரை ஊசியை நிறுத்தி வைப்பது) அதில் தனியாக ஒரு வெட்டு உண்டு. அந்தத் தடை இல்லாத சீரிஸ் 70 பாகம் அங்கே உட்காராது. வாங்குமுன் ஸ்லைடின் அடிப்பக்கம் அந்தத் தடையின் சின்ன உலக்கை தெரிகிறதா என்று பாருங்கள்.

பார்த்தது இதுதான்: பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே மாட்டிய தம்ப் சேஃப்டி (கட்டைவிரலால் போடும் பூட்டு), மேலே ஏறும்போது 'டக்' என்று அழகாகச் சத்தம் போடுகிறது. உள்ளே, ஏற்றிய ஹேமரைப் (சுத்தியலை) பிடித்து நிற்கும் சியரைத் தடுக்கவே இல்லை.

யாரும் கேட்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். மேகசினை எடுத்துவிட்டு, அறை காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்துகொள்ளுங்கள். ஹேமரை ஏற்றுங்கள். சேஃப்டியைப் போடுங்கள். கிரிப்பை முழுதாகப் பிடித்து டிரிகரை அழுத்தி விடுங்கள். சேஃப்டியை இறக்குங்கள். இப்போது காதருகே வைத்து ஹேமரைக் கட்டைவிரலால் மயிரிழை பின்னால் இழுங்கள். 'டிக்' என்று மெல்லிய சத்தம் கேட்டால், டிரிகர் அழுத்தியபோது சியர் நகர்ந்திருக்கிறது என்று பொருள். சேஃப்டியின் உட்பல்லில் உலோகம் போதவில்லை. அதை இனித் தேய்த்து மீட்க முடியாது, புதிது வாங்கிப் பொருத்தவேண்டும். ஹேமரையோ சியரையோ மாற்றினால் இந்தச் சோதனையை மறுபடி முதலிலிருந்து செய்யவேண்டும்.

அடுத்து கிரிப் சேஃப்டி (பிடியின் பின்புறப் பூட்டு). அதை அழுத்தாமல் பிடித்து டிரிகரை இழுங்கள், ஹேமர் விழக்கூடாது. பீவர்டெயில் (நீண்ட வால் கொண்ட கிரிப் சேஃப்டி) போட்டவர்கள் இதை விடவே கூடாது, அதன் கையும் டிரிகர் வில்லுக்கு (டிரிகரின் பின்பக்கச் சட்டம்) அளந்து பொருத்துவதுதான். பீவர்டெயில் போட்டால் நீள வால் ஹேமர் அதில் இடிக்கும், உருண்டை ஹேமரும் சேர்ந்தே வரும். 'டிராப் இன்' என்று அட்டையில் இருந்தாலும் இந்தத் துப்பாக்கியில் அளவு பார்த்துப் பொருத்தாத பாகம் கிரிப் தகடும் ஸ்பிரிங்கும்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டிரிகர் எடையை 3 பவுண்டுக்குக் கீழே கொண்டுபோகக் கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வட்ட இலக்கைச் சுடும் புல்ஸ்ஐ போட்டியிலேயே .45 கைத்துப்பாக்கிக்குக் குறைந்தபட்சம் 3.5 பவுண்டு. சியர் பிடிப்பு குறைந்துபோனால் ஸ்லைடு மூடும் அதிர்ச்சியில் ஹேமர் கூடவே விழுந்து அரைக்கொக்கியில் (பாதி ஏறிய நிலையில்) நிற்கும். அப்படி ஒருமுறை விழுந்தாலும் அந்தத் துப்பாக்கியில் தோட்டா போடாதீர்கள்.

ஐந்தங்குலம்

சியர்முனை சார், கிரிப் தகட்டிலும் ஒன்று உண்டு. இடப்பக்கத் தகடுதான் பிளஞ்சர் டியூபுக்கு (சேஃப்டியை நிலையில் நிறுத்தும் ஸ்பிரிங் உள்ள குழாய்) முட்டு. அங்கே வெட்டு ஆழமான தகடு போட்டால், ஸ்டேக்கிங் (ஃபிரேமில் அடித்துப் பதித்த பிடிப்பு) தளர்ந்த டியூப் ஃபிரேமை விட்டு விலகும். சேஃப்டி ஏறி இறங்காமல் சிக்கும். வாங்கும்போதே நகத்தால் நெம்பிப் பாருங்கள், துளியும் அசையக்கூடாது.