மானிட்டர் செருகியிருக்கும்போது லேப்டாப்பை மூடினா லாக் ஆகணுமா?

ராப்பறவை: லேப்டாப்பை மூடினா நான் கிளம்புறேன்னுதான் அர்த்தம். ஆனா லினக்ஸோட க்னோம் டெஸ்க்டாப்ல வெளி மானிட்டர் செருகியிருந்தா மூடினாலும் ஒண்ணும் ஆகாது. போன வாரம் பழக்கத்துல மூடிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தா 27 இன்ச் மானிட்டர்ல டீமோட சம்பளப் பட்டியல் அப்படியே விரிஞ்சு கிடக்கு. பக்கத்து சீட்டுப் பையன் என்னைப் பார்த்ததும் சட்டுனு தலையைத் திருப்பிக்கிட்டான். மூடினா லாக் ஆகணும், அவ்வளவுதான்.

மேசைவிளக்கு: எனக்கு நேர்மாறா வேணும். என் மேசை ரெண்டடி. லேப்டாப்பை மூடி ஓரமா நிறுத்திட்டு தனி கீபோர்டுல வேலை பார்க்கிறேன். மீட்டிங் நடுவுல மூடினா பாஸ்வேர்டு கேட்கணுமா? லினக்ஸ்ல மூடியைத் திறக்கிறதையும் மூடுறதையும் கவனிக்கிற சிஸ்டம்டி லாகின்ட், ஒண்ணுக்கு மேல ஸ்கிரீன் இருந்தா 'டாக்ட்'னு, அதாவது மேசையில நிலையா மாட்டி வெச்சிருக்குன்னு எடுத்துக்கிட்டு, மூடினதை 'இக்னோர்' பண்ணும், கண்டுக்காது. இப்படி வேலை பார்க்கிறவங்களுக்காகத்தான் அது. எழுந்து போறவர் சூப்பர் கீயோட (விண்டோஸ் படம் போட்ட கீ) எல் அழுத்திட்டுப் போகட்டும்.

ராப்பறவை: கை மறக்கும் அண்ணா. சும்மா விட்டா ஸ்கிரீன் அணைய 5 நிமிஷம். அதுக்குள்ள முழுப் பட்டியலையும் படிச்சிடலாம். உங்களுக்குப் போறது ஒரு பாஸ்வேர்டு அடிக்கிற நேரம். வெளிய தெரிஞ்ச சம்பளத்தை என்ன பண்றது?

மேசைவிளக்கு: அப்போ 5 நிமிஷத்தை 1 ஆக்குங்க தம்பி. மூடியை நம்பாதீங்க. டிஸ்ப்ளேபோர்ட் வயர்ல செருகின சில மானிட்டரை பட்டன்ல அணைச்சாலே வயரைக் கழற்றின மாதிரி ஆயிடும். லேப்டாப்பும் மூடியிருந்தா தூங்கிடும். ராத்திரி ஓடவிட்ட பேக்கப் எனக்கு அப்படித்தான் பாதியில நின்னுது. காலையில லேப்டாப்பைத் திறந்தப்போதான் தெரிஞ்சுது.

கம்பிவலை: ரெண்டு பேரும் கேக்குறது கேடிஇங்கிற இன்னொரு லினக்ஸ் டெஸ்க்டாப்ல இருக்கு. பவர் மேனேஜ்மென்ட்ல, மூடினா என்ன செய்யணும்ங்கிற இடத்துல 'லாக்' தேர்ந்தெடுத்து, கீழ வெளி மானிட்டர் இருந்தாலும்னு இருக்கிற டிக்கைப் போடுங்க. லாகின்டோட செட்டிங்ஸ் கோப்புல 'ஹேண்டில்லிட்ஸ்விட்ச்டாக்ட்' வரிக்கு (டாக்ட்ல இருக்கும்போது மூடினா என்ன செய்யணும்ங்கிறது) 'லாக்'னு கொடுக்கலாம்னு சொல்வாங்க. க்னோம்ல அது எடுபடாது, மானிட்டர் செருகினதும் லாகின்ட் மூடியைக் கவனிக்காதபடி க்னோம் தடுத்து வெச்சிடும். ஸ்வேங்கிற இன்னொரு லினக்ஸ் டெஸ்க்டாப்ல எடுபடும், ஆனா லாக் சிக்னலைக் கேட்க ஸ்வேஐடில்ங்கிற தனி புரோகிராம் ஓடிட்டு இருக்கணும்.

ராப்பறவை: நன்றி, கேடிஇக்கு மாறிப் பார்க்கிறேன். ஆனா அந்த டிக்கைத் தேடிப் போய்ப் போடணுமேன்னுதான் என் சண்டையே. நேத்து சேர்ந்த பொண்ணுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

மேசைவிளக்கு: ஆபீஸ் மெஷின்ல அட்மின் போட்டே கொடுக்கட்டும், அதுல எனக்கு மறுப்பில்லை. என் வீட்டு மெஷினுக்கு வேண்டாம்.